தாட்சாயிணி சொன்ன ஆமாம்

தாட்சாயிணிக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். கொஞ்சமாவது பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவள் வேறு எங்கோ இருந்திருப்பாள். உண்மையைச் சொல்லிக் கெட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவள் உண்மையைத்தான் சொன்னாள், அது கேட்டவர் காதில் பொய்யாகப் போய் விழுந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பெயர் சொர்ணம். பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். கரையான்சாவடியிலிருந்து நடந்தே போய் வருவேன். தாட்சாயிணி அங்கே இங்கிலீஷ் டீச்சர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், அதனால் இங்கிலீஷ் டீச்சர் நடந்து வந்தால் பெற்றோர்கள் எழுந்து நிற்பார்கள். தையல் டீச்சர் வந்தால் கிழிந்த பாவாடையை நீட்டுவார்கள். அவள் பி.ஏ., நான் எட்டாவது தாண்டாதவள். ஆனாலும் என்னைத்தான் அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். மற்ற டீச்சர்கள் எல்லாம் அவள் புருஷனைப் பற்றி விசாரிப்பார்கள். நான் விசாரித்ததே இல்லை.

விசாரிக்காமலே எனக்குத் தெரியும். காட்டுப்பாக்கத்தில் கத்திரியும் கீரையும் போட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. பதின்மூன்று வயதில் பருத்திப்பட்டில் செங்கல் சூளை மேஸ்திரியாக இருந்த சம்பத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் சூளை ஆட்களிடம் பேசுவதைப் போலவே வீட்டிலும் பேசுவான், பேச்சு தீர்ந்தால் கை பேசும். பிள்ளை இல்லை என்று சொல்லி இன்னொருத்தியைக் கொண்டுவந்தான், இவளைத் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டான். தகப்பன் கங்காதரன் ரோஷக்காரர். "பொண்ணு படிக்கட்டும், அவன் மூஞ்சில கரியப் பூசணும்" என்று ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். ஊர் சிரித்தது. அவள் பி.ஏ. தேறிய வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். வீடு அண்ணன் மணவாளன் கைக்கு வந்தது.

மணவாளன் கெட்டவன் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன், அவ்வளவுதான். தங்கைக்கு வேலை இருந்தவரை அவனும் நிம்மதியாக இருந்தான்.

அந்த வருஷம் இரண்டு இடி ஒன்றாக விழுந்தது. மேல் வகுப்புகளில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர்கள் பி.ஏ. மட்டும் படித்திருந்தால் போதாது, எல்.டி. என்கிற ஆசிரியர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும், கோடை விடுமுறைக்குப் பிறகு பயிற்சி இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று உத்தரவு வந்தது. பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் வேலையைக் காத்து வைப்பார்களாம். அது ஒன்று. இன்னொன்று, சம்பத்தின் இரண்டாம் பெண்டாட்டி ஜுரத்தில் செத்துப் போனாள், இரண்டு சின்னக் குழந்தைகள். "பழைய பெண்டாட்டியை அனுப்பி வையுங்கள், ஆள் இல்லாமல் வீடு நாறுகிறது" என்று அவன் மணவாளனுக்குச் சொல்லி அனுப்பினான்.

மணவாளன் தங்கையிடம் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் வந்து சொன்னாள். "உனுக்கு வேலை கீற வரைக்கும் நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். காலேஜுல எடம் கெடச்சாலும் சரி, போய்ப் படி. ரெண்டும் இல்லன்னா அவன் ஊட்டுக்குத்தான் போவணும். நா ஊர்ல தல நிமுந்து நடக்க வாணாமா?"

ஆக, ஒரு கல்லூரி இடம். அது இருந்தால் அவள் டீச்சர், இல்லாவிட்டால் சம்பத் வீட்டு வேலைக்காரி.

பெண்கள் எல்.டி. படிக்கப் பட்டணத்தில் அவளுக்குத் தெரிந்து இரண்டு கல்லூரிகள் இருந்தன. இரண்டுக்கும் எழுதிப் போட்டாள். ஒரு கல்லூரி உடனே இடம் தந்துவிட்டது. இரண்டாவது கல்லூரியில் நேரில் வரச் சொன்னார்கள். எனக்கு அதோடு காரியம் முடிந்தது. அவளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. மத்தியான இடைவேளையில் தையல் அறைக்கு வந்து, நான் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு கல்லூரி விவரப் புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படிப்பாள்.

"ரெண்டுல எது நல்லதுக்கா?"

"எது இடம் குடுத்துச்சோ அதுதான் நல்லது. இதுல யோசிக்க இன்னா கீது?"

"எடம் குடுத்த காலேஜுல எல்லாப் பாடத்துக்கும் ஒரே முறைதான்க்கா. இங்கிலீஷைத் தமிழ்ல மாத்து, தமிழை இங்கிலீஷ்ல மாத்து. நானும் அப்டித்தான் படிச்சேன். அதனாலதான் எனுக்கு எழுத வருது, பேச வர்ல. யாராவது கேள்வி கேட்டா மனசுக்குள்ள தமிழ்ல திருப்பிப் பாத்துகினு அப்புறம்தான் பதில் சொல்றேன். அதையே பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தா அதுங்களும் என்னை மாதிரியே வாயடைச்சு நிக்கும்."

"ரெண்டாவது?"

அவள் முகம் மாறியது. அந்தக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதற்கென்றே தனிப் பிரிவு இருந்ததாம். வகுப்பில் தமிழ் வாசனையே கூடாது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும், காரியத்தைச் செய்துகாட்டி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்லச் சொல்லப் பேச்சு வந்துவிடுமாம். நாக்கை எங்கே வைப்பது, உதட்டை எப்படிக் குவிப்பது என்பதற்குக்கூடப் பாடம் இருந்ததாம். அவள் என் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் பாரத்துப் பெண்கள் வகுப்பில் அன்றைக்கே பரீட்சித்துப் பார்த்தாள். கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி "சிசர்ஸ்" என்று இங்கிலீஷில் பெயரைச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் "சீசர்" என்று கத்தினார்கள். அந்த வாரம் முழுக்க யாரோ ஒரு ராஜாவுக்கு ஜே போடுகிற மாதிரி அந்த வகுப்பிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. என் கத்தரிக்கோல் திரும்பி வரவே இல்லை.

சிரித்தேன், ஆனால் எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டாவது கல்லூரியில் ஒரு நிபந்தனை. நேரில் பார்க்க வருகிறவர்கள் வேறு எங்கும் இடம் வைத்திருக்கக் கூடாது. முந்தைய வருஷங்களில் இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் என்று வைத்திருந்தவர்களால் இடங்கள் வீணாயினவாம். அதனால் தாட்சாயிணி முதல் கல்லூரிக்கு, உங்கள் இடம் வேண்டாம் என்று எழுதிப் போடக் கிளம்பினாள்.

"போய்ட்டு வந்து எழுதேன். ஓடியா போவப் போவுது?" என்றேன்.

"வேற எடம் கீதான்னு கேட்டா?"

"இல்லன்னு சொல்லு."

"இருக்கறத இல்லன்னு எப்டிக்கா சொல்றது?"

எழுதியே போட்டுவிட்டாள். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. அவ்வளவு கோபம்.

நேரில் பார்க்கிற நாள் துணைக்கு நான்தான் போனேன். பூந்தமல்லியிலிருந்து பஸ். என் கல்யாணத்துக்கு எடுத்த புடவையை அவளுக்குக் கட்டிவிட்டிருந்தேன். கல்லூரி பெரிய மரங்களுக்கு நடுவே இருந்தது. கல்லூரித் தலைவி ஒரு வெள்ளைக்காரத் துரைசானி, வெள்ளைத் தலைமுடி, மெல்லிய குரல். அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு காதில் விழுந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. தாட்சாயிணி நிறையப் பேசினாள், ஒரு கட்டத்தில் துரைசானி சிரித்ததுகூடக் கேட்டது. என்னமோ கத்தரிக்கோல் கதையைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் துரைசானி ஏதோ கேட்டார். தாட்சாயிணி கணீரென்று "எஸ் மேடம்" என்றாள். காகிதத்தில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஏதோ கேட்டார். மறுபடியும் "எஸ் மேடம்". தயங்காமல் பதில் சொல்கிறாளே என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

வெளியே வந்தவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சிச்சுக்கா. கெடச்ச மாதிரிதான்."

"இன்னா கேட்டாங்க?"

"பாடத்தப் பத்திதான் மொதல்ல. அப்புறம், வேற எந்தக் காலேஜுலயும் உனுக்கு எடம் இல்லையேன்னாங்க. ஆமான்னேன். போன வருஷம் ஒரு பொண்ணை அவ புருஷன் பாதிப் படிப்புல ஹாஸ்டல்லேர்ந்து இஸ்துகினு போய்ட்டானாம். உன் புருஷன் அப்டியெல்லாம் வந்து கூட்டிகினு போவ மாட்டாரேன்னாங்க. ஆமான்னேன்."

"நல்லாச் சொன்னே" என்றேன். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற அன்று பெரிய டீச்சர் சாமுண்டீஸ்வரி அம்மாள் பட்டணம் போய்விட்டு வந்தார். வந்த கையோடு தாட்சாயிணியைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

"உனக்கு அறிவு கீதாடி? அந்தக் காலேஜ் அம்மா எனக்குத் தெரிஞ்சவங்க. நல்லாப் பேசினா, ஆசையா இருந்துச்சு, ஆனா எப்படி எடுக்கறதுன்னு கேக்கறாங்க. வேற காலேஜுல எடம் வெச்சிருக்கேன்னு நீயே சொன்னியாம். புருஷன் வந்து கூட்டிகினு போய்டுவார்னும் நீயே சொன்னியாம். மூஞ்சியப் பாத்து அப்படிச் சொல்றவளை எவங்க சேப்பாங்க?"

தாட்சாயிணிக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லீங்களே. வேற எடம் இல்லையேன்னு கேட்டாங்க. நான் எஸ்னு சொன்னேன்."

பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி. அதுக்கு நோன்னு சொல்லணும்டி."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏன்மா? எடம் இல்லையேன்னு கேட்டாங்க. நெஜமாவே இல்ல. கேட்டது சரின்னா ஆமான்னுதானே சொல்லணும்?"

"தமிழ்ல அப்படித்தான் சொர்ணம். நீ கேட்டது சரி, ஆமா, எடம் இல்லன்னு சொல்லுவோம். இங்கிலீஷ்ல அப்படிக் கெடயாது. எப்படித் திருப்பிக் கேட்டாலும் இருந்தா எஸ்ஸு, இல்லாட்டி நோ. இவ எஸ்னு சொன்னா எடம் இருக்குதுன்னு அர்த்தம். புருஷன் வருவான்னு அர்த்தம்."

தாட்சாயிணிக்கு அது தெரியாத விஷயம் இல்லை. இலக்கணப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியிருக்கிறாள், எங்கள் பெண்கள் தப்பாக எழுதினால் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியும் இருக்கிறாள். படிப்பெல்லாம் தலையில் இருந்தது, வாய் மட்டும் காட்டுப்பாக்கத்திலேயே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

மறுநாளே நாங்கள் இருவரும் பட்டணம் ஓடினோம். துரைசானி அன்று காலைதான் கோடைக்கு மலைக்குப் போயிருந்தார். உதவித் தலைவி இருந்தார், நம் ஊர்க் கிறிஸ்தவ அம்மாள், நல்லவர். எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இடங்களை எல்லாம் கொடுத்தாயிற்று. ஆனாலும் யாராவது வராமல் போகலாம். நான் அம்மாவுக்கு எழுதுகிறேன். என்ன எழுதட்டும், நீயே சொல் அம்மா. நீ சேர விரும்பியது இங்கிலீஷ் கற்பிக்கும் பிரிவு. எஸ் சொல்ல வேண்டிய இடம் எது, நோ சொல்ல வேண்டிய இடம் எது என்று பேச்சில் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால், அந்தப் பிரிவில் உன்னை எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்பார். தெரிந்துதான் சொன்னேன் என்று எழுதினால், ஆரம்பத்தில் நினைத்ததே சரி என்பார்."

நான் தாட்சாயிணி சார்பில் சண்டை போட வாயெடுத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. பேசத் தெரியாததால்தான் பேச்சைச் சொல்லிக் கொடுக்கிற இடத்தைத் தேடி வந்தாள். பேசத் தெரியவில்லை என்பதற்காகவே வெளியே நிற்கிறாள்.

"தெரியாமச் சொன்னேன்னே எழுதுங்கம்மா" என்றாள் கடைசியில். "அதுதான் நெஜம்."

அங்கிருந்து முதல் கல்லூரிக்குப் போனோம். அவள் வேண்டாம் என்று எழுதிய இடத்தை அந்த வாரமே வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மலையிலிருந்து பதில் அன்பாகவே வந்தது. இன்னும் ஒரு வருஷம் பேச்சைப் பழகிக்கொண்டு அடுத்த வருஷம் வரட்டும் என்று. அடுத்த வருஷமாம். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், இவளுக்கு அடுத்த மாதமே இல்லை என்று.

என் வீட்டுக்கு வந்து இரு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரே அறை, மாமியார் படுத்த படுக்கை, அதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். "எந்த உரிமைல வந்து ஒக்காந்துகினு இருக்கறது? டீச்சர்னு சொல்லவா? இப்ப டீச்சர் இல்லியேக்கா" என்றாள். மணவாளனிடமும் போய்ப் பேசினேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனுக்கு மட்டும் மனசு இல்லியா டீச்சரம்மா? அவன் ஆளுங்களோட வந்து வாசல்ல நின்னா நா இன்னா பண்றது? தாலி கட்னவன். கேக்கறதுக்கு நா யாரு?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பள்ளி திறந்தபோது அவள் இல்லை. மூன்றாம் பாரத்துப் பெண்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். சில பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆவணி மாதத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் கன்னியம்மாள், புருஷனுக்கு மாற்றலானதால், வேலையை விட்டாள். சின்ன வகுப்புக்கு எல்.டி. தேவையில்லை. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அவ வருவாளான்னு போய்ப் பாரு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கற அறையையும் குடுக்கறேன். அவன் இங்க வந்து கத்தினா நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர், போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பெண்கள்கூட எங்கள் பள்ளியில் படித்தார்கள். நான் அன்றைக்கு மத்தியானமே கிளம்பினேன்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிச் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் காட்டியது. கதவைத் தட்டினேன். தாட்சாயிணிதான் திறந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தது. தாட்சாயிணியின் இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாகக் கன்றிய ஒரு காயம், ஆறிக்கொண்டிருந்தது.

நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றாம் வகுப்பு, பின்னால் அறை, பெரிய டீச்சர் பொறுப்பு, இன்றைக்கே வா, கட்டின புடவையோடு வா, அந்தக் குழந்தையை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வா. சொல்லச் சொல்ல அவள் உதடு அசைந்தது. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. "யாரு அது வாசல்ல?" என்று சம்பத்தின் குரல்.

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"யாருமில்லீங்க. ஊடு மாறி வந்துட்டாங்க."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் மறுபடி தட்டக் கையைத் தூக்கினேன், தட்டினால் அடி அவளுக்குத்தானே விழும் என்று இறக்கிக்கொண்டேன். பிறகு ஏரிக்கரை வழியாக நடந்தேன். பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் எரிந்து விழுந்த அந்தப் பெண், அவ்வளவு சுத்தமாக ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.